பொட்டு வைத்த காற்றுக்கணக்கு

நல்லம்பள்ளி மாயவன் என்ன வேலை பார்க்கிறார் என்பது அவர் வீட்டில் ஒருவருக்கும் பிடிபட்டதில்லை. பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடம். ஒலியைவிட வேகமாக ஓடும் காற்று, உலோகத் தகட்டை உரசும்போது எப்படிக் கொந்தளிக்கிறது என்று சமன்பாடு எழுதுவது அவர் வேலை. "காத்துக்கு எதுக்குடா கணக்கு?" என்று அண்ணன் ராஜப்பன் கேலி செய்வார். கலப்பை பிடிக்காத உழைப்பு அவர் கண்ணுக்கு உழைப்பே இல்லை.

அந்த வேகத்தில் காற்று அமுங்கிச் சூடாகும், அதன் அடர்த்தியே நிலையில்லாமல் ஆடும். பழைய சூத்திரமோ உராய்வை எப்போதும் கூட்டியே காட்டியது. மாயவன் அதில் ஒரு திருத்தம் சேர்த்திருந்தார். கம்ப்யூட்டரில் கணக்கை ஓட்டிப் பார்க்க அவருக்கு ஒரே ஒரு வாய்ப்புதான் கிடைத்திருந்தது. சோதனையில் அளந்த புள்ளிகளோடு விடை ஒத்துப்போகாவிட்டால் மூன்று வருட உழைப்பைக் கைவிடச் சொல்லிவிட்டார் ஆய்வு வழிகாட்டி.

1974 ஆயுத பூஜை வந்தது. கணக்கைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் துளையட்டைகளை, சரிபார்க்கலாமென்று ஊருக்கே எடுத்து வந்திருந்தார். குளித்துவிட்டு வந்தால், கலப்பைக்கும் அரிவாளுக்கும் பக்கத்தில் அத்தனை அட்டையும் பரப்பிக் கிடக்கிறது. ஒவ்வொன்றிலும் ஈரச் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

ஈர அட்டை மெஷினில் சிக்கிக்கொள்ளும். எல்லாவற்றையும் மறுபடி துளைக்க வேண்டும். கோபம் தலைக்கேறியது.

"எதுக்கு இப்படிப் பண்ணுன?"

மனைவி நஞ்சம்மாள் நிமிர்ந்தாள். "உங்க அண்ணனுக்குக் கலப்பை இருக்குது. உங்க வேலைக்கு இதுதானுங்களே ஆயுதம்? ஒண்ண வுட்டு ஒண்ணுக்கு வெச்சா நல்லாருக்காதுங்க. அடுக்கு மாறாமத்தான் வெச்சிருக்கறேன்."

அந்த வீட்டில் அவர் வேலையை வேலை என்று சொன்ன முதல் ஆள் அவள்தான். அட்டை போனால் போகிறது என்று மாயவன் சிரித்துவிட்டார்.

மறுநாள் விடியலிலேயே பெங்களூர் பஸ் ஏறினார். பொட்டு வைத்த அட்டைகளைப் பார்த்துப் பார்த்து, விரல் வீங்கும்வரை புதிதாகத் துளைத்தார். குறித்த நாளில் கம்ப்யூட்டர் ஓடியது.

அடுத்த முறை ஊருக்கு வந்தபோது நஞ்சம்மாளைக் கூப்பிட்டு ஒரு வரைபடத்தை விரித்தார். "இந்தக் கோடு நான் கணக்குப் போட்டுச் சொன்னது. இந்தப் புள்ளியெல்லாம் காத்த நெசமா அளந்து பாத்தது."

அவள் குனிந்து, கோட்டின்மேல் விரலை ஓட்டினாள். "ரெண்டுக்கும் நடுவுல எடமே இல்லீங்களே."

வழிகாட்டியும் இதையேதான் ஆங்கிலத்தில் சொல்லியிருந்தார். அப்போது மாயவனுக்குக் கண் கலங்கவில்லை.