வடித்த தண்ணீர்ப் போத்தல்

ஐம்பதுகளில் அம்பாறை விமானத் திடலில் எனக்கு வேலை. ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அது பெரிய உத்தியோகம். கொழும்பிலிருந்து பயணிகள் விமானம் வந்து நின்றதும் அதன் பற்றரி மூடிகளைத் திறந்து பார்ப்பேன். தண்ணீர் குறைந்திருந்தால் வடித்த தண்ணீர் ஊற்றுவேன். வேறு தண்ணீர் கூடாது. உப்புப் பட்டால் உள்ளே தகடு கெட்டுவிடும். பறக்கும்போது எஞ்சின் தரும் மின்சாரம் நின்றுபோனால், ரேடியோவுக்கும் விளக்குக்கும் பற்றரியை விட்டால் வேறு கதியில்லை என்று மெக்கானிக் துரை சொல்லித் தந்திருந்தார்.

வடித்த தண்ணீர் மட்டக்களப்பு பஸ்ஸில் மாலையில் எங்கள் ஊரான கல்முனைக்கு வரும். போத்தலை வீட்டில் வைத்திருந்து காலையில் கொண்டுபோவேன். ஒருநாள் அதைத் தூசி படாமல் இருக்கட்டும் என்று குர்ஆன் வைக்கும் சுவர்த் தட்டில் வைத்தேன். மனைவியிடம் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டிலும் நான் அதிகம் கதைப்பதில்லை.

மறுநாள் இரண்டு துளைக்குள் ஊற்றிய பிறகுதான் புனலின் அடியில் மணலைக் கண்டேன். போத்தல் தண்ணீரை நாக்கில் விட்டேன். கரித்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீர்.

பயணிகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். சொன்னால் வேலை போய்விடும். இருந்தாலும் மெக்கானிக்கிடம் போனேன்.

"துரை, பற்றரிக்குக் கிணத்துத் தண்ணிய ஊத்திட்டன்."

அவர் போர்த்துக்கீசர் வழிவந்த மட்டக்களப்புப் பறங்கி. எங்களைப் போலவே தமிழ் கதைப்பார், அண்ணனைச் சொல்வதுபோல் என்னைக் காக்கா என்பார்.

"ஆறு மாசமா வாயே தொறக்கல்ல காக்கா. தொறந்தது இதுக்கா?"

பயணிகளை இறக்கி, வேறு பற்றரி பூட்டினார்கள். விமானம் ஒரு மணித்தியாலம் பிந்திப் போனது. "சொல்லாம இருந்திருந்தா உங்கள வேலையால அனுப்பியிருப்பன். இனிப் போத்தல் வீட்ட போகப்படாது" என்று மட்டும் சொன்னார்.

மாலை அஸர் தொழுகைக்குப் பின் வீட்டுக்கு வந்து, போத்தலைத் தொட்டாளா என்று மனைவியிடம் கேட்டேன்.

"ஓம். மகளுக்குக் காய்ச்சல். அந்த ஓதின தண்ணியில மூணு தரம் குடுத்து, நெத்தியிலயும் தடவினன். கொறஞ்சத நெரப்பி வெச்சன்."

நோய்க்குப் பள்ளிவாசல் லெப்பை ஓதித் தரும் தண்ணீரை எங்கள் வீடுகளில் தீர விடமாட்டார்கள். குறையக் குறையக் கிணற்றுத் தண்ணீர் சேர்த்தால் அதன் பரக்கத், இறையருள், நிற்கும் என்பது நம்பிக்கை. குர்ஆன் தட்டில் இருந்த போத்தலை அவள் வேறு என்னவென்று நினைப்பாள்?

"அது பிளேன் பற்றரிக்கி ஊத்திற தண்ணி" என்றேன்.

"அத நேத்தே சொன்னா உங்கட வாய் தேஞ்சிருமா?" என்றாள். பிறகு முகம் மாறியது. "பிளேன் போய்ச் சேந்திட்டா?"

"ஓம், ரேடியோவில சொன்னாங்க. நான் துரையிட்ட சொன்ன பொறகு பற்றரிய மாத்தித்தான் அனுப்பினாங்க."

"சின்னப் புள்ளயளும் இருந்திச்சா?"

"கைப்புள்ள ஒண்டு இருந்திச்சி."

அவள் மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். காய்ச்சல் விட்டிருந்த பிள்ளை இறங்கி ஓடப் பார்த்தது, அவள் விடவில்லை. பிறகு எழுந்துபோய் எனக்குச் சோறு போட்டு, தனக்கு வைத்திருந்த மீன் துண்டையும் என் சோற்றில் வைத்தாள்.