காதைத் தொட்ட கை

மணவாளன் மாஸ்டர் தன் வாழ்நாளில் ஒரு குட்டிக்கரணம் போட்டதில்லை. லோகநாயகி கதையை ஆரம்பிக்கும்போது இதை முதலில் சொல்லிவிடவேண்டும். ஏனென்றால், அவளை உருவாக்கியதே தான்தான் என்று கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் வாய் வலிக்காமல் சொல்லிக்கொண்டு திரிந்த ஆசாமி அவர். சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர் உத்தியோகம். கழுத்தில் விசில், காலில் வெள்ளை ஷூ, ஆளுக்கு ரெண்டடி முன்னால் போகும் வயிறு. ஜிம்னாஸ்டிக் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். சங்கத்தில் அவரைத் தவிர வேறு யாராவது இருந்தார்களா என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

லோகநாயகி, கடலூர் முதுநகருக்குக் கிழக்கே உப்பனாற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற குப்பத்துப் பெண். அம்மா அமராவதி துறைமுகத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பவள். 2004 டிசம்பரில் கடல் அவர்கள் வீட்டுக்குள் வந்து, ஆட்களை விட்டுவிட்டு டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனது. அதற்கப்புறம் லாரி லாரியாக நிவாரணச் சாமான் வந்து இறங்கியது. கடலூர் வெயிலுக்குக் கம்பளிப் போர்வை வந்தது. குழந்தைகள் விளையாடட்டும் என்று யாரோ வெளிநாட்டுப் புண்ணியவான்கள் அனுப்பின நீல மெத்தைகளும் வந்தன. மணவாளன் அந்த மெத்தைகளை வண்டியில் ஏற்றிப்போய் மஞ்சக்குப்பத்தில் ஒரு கொட்டகையில் விரித்து, வாசலில் அகாடமி என்று போர்டு மாட்டினார். எங்க மெத்தை எங்கே என்று குப்பத்துக்காரர்கள் கேட்டுவிடக் கூடாதே, அதற்காக அங்கிருந்து பத்துப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார். அவர் செய்த தர்மம் அவ்வளவுதான்.

அந்தப் பத்துப் பேரில் லோகநாயகியும் உண்டு, பக்கத்து வீட்டு மோனிகாவும் உண்டு. ரெண்டு பேரும் ஒரே கார்த்திகையில் நாலு நாள் முன்பின்னாகப் பிறந்தவர்கள். ஆனால் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்தால் அக்கா தங்கை என்றுதான் சொல்வார்கள். லோகநாயகிக்கு அகலத் தோள், முழங்கால் வரைக்கும் தொங்கும் கை. மோனிகா நெத்திலி மாதிரி இருப்பாள். மூன்று பெண்கள் ஒருத்திமேல் ஒருத்தி நின்று கோபுரம் கட்டுகிற அக்ரோபாட்டிக் ஜிம்னாஸ்டிக்ஸை மணவாளன் எங்கேயோ ஒரு சிடியில் பார்த்துவிட்டு வந்தார். அடியில் லோகநாயகி, நடுவில் கீரப்பாளையத்து மாலதி, உச்சியில் மோனிகா என்று நிறுத்தினார். சிடியைப் போட்டுக் காட்டி இதே மாதிரி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு டீக்குடிக்கப் போய்விடுவார். அதற்குப் பேர் கோச்சிங். மிச்சத்தை அந்தப் பெண்களே விழுந்து எழுந்து கற்றுக்கொண்டார்கள்.

அடியில் நிற்கிறவளை எவன் பார்க்கிறான்? கைதட்டல் எல்லாம் உச்சியில் நிற்கிறவளுக்குத்தான். லோகநாயகிக்கு அதில் வருத்தமே கிடையாது. மோனிகா உச்சிக்கு ஏறுவது இவள் கையில் கால் வைத்துத்தான். அந்தப் பாதம் உள்ளங்கையில் பட்டதுமே அவள் பயந்திருக்கிறாளா, காலையில் சாப்பிட்டாளா என்பதெல்லாம் இவளுக்குத் தெரிந்துவிடும். ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட அவளைக் கீழே விட்டதில்லை. லோகநாயகிக்கு இருந்தது ஒரே ஆசை. ஒரு தடவையாவது ப்ளேன் ஏறிப் போய், வெளிநாட்டு அரங்கத்தில் மோனிகாவைத் தூக்கி நிறுத்திவிட்டு வரவேண்டும்.

2011-ல் அதற்கு வழி பிறந்தது. செப்டம்பரில் மலேசியாவில் சர்வதேசப் போட்டி, பதினெட்டு முடியாத பிள்ளைகளுக்கு. ஏப்ரல் மாதம் சிதம்பரத்தில் நடந்த தேர்வில் இந்த மூவரும் மற்ற ஊர்க்காரர்களைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார்கள். அமராவதி தெரு முழுக்கக் கல்கண்டு கொடுத்தாள். பெயர் அனுப்பக் கடைசி நாள் நெருங்கின சமயத்தில், மணவாளன் லோகநாயகியைக் கூப்பிட்டு, சர்ட்டிபிகேட்படி உனக்கு ஜூன் ஒன்றாம் தேதியோடு பதினெட்டு முடிகிறதே, நான் என்ன செய்வேன் என்று உச்சுக்கொட்டினார். அவளுக்குப் பதிலாகத் தன் மச்சான் பெண் தீபிகா போவாள் என்பதையும் அதே மூச்சில் சொல்லிமுடித்தார்.

இந்த ஜூன் ஒன்றாம் தேதியின் லட்சணத்தைக் கேளுங்கள். குப்பத்தில் பிள்ளையின் பிறந்த தேதியை யார் எழுதிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்? பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால், ஹெட்மாஸ்டர் லூர்துசாமி பிள்ளையின் வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டுவிட்டால் அஞ்சு வயசு ஆகிவிட்டது என்று கணக்கு. ஜூன் ஒன்று என்று ஒரு தேதியைப் போட்டுச் சேர்த்துக்கொள்வார். அந்த ரிஜிஸ்தரைப் பிரித்தால் குப்பமே ஜூன் ஒன்றாம் தேதிதான் பிறந்திருக்கும். லோகநாயகிக்கு அப்போது நாலரை வயசுதான். ஆனால் கை காதைத் தாண்டிக் கன்னத்துக்கே வந்துவிட்டது. மோனிகாவின் கை ஆறரை வயசில்தான் காதுக்கு எட்டியது. நாலு நாள் வித்தியாசம் காகிதத்தில் ரெண்டு வருஷமாகிப் போனது. நிஜமான வயசைப் பார்த்தால் லோகநாயகிக்கு நவம்பரில்தான் பதினெட்டு முடியும். அதைச் சொல்லும் ஆஸ்பத்திரிச் சீட்டு டிரங்குப் பெட்டிக்குள் இருந்தது. பெட்டி கடலுக்குள் இருந்தது.

சரி, இதில் மாஸ்டர் தப்பு என்ன என்று கேட்பீர்கள். ஜனவரியில் பாஸ்போர்ட் பாரம் நிரப்பினதே அவர்தான். அன்றைக்கே தேதி அவர் கண்ணில் பட்டாயிற்று. அப்போதே வாயைத் திறந்திருந்தால், ஆஸ்பத்திரியில் பழைய பதிவைத் தேடிப்பிடித்துத் திருத்தியிருக்கலாம். ஆனால் தீபிகாவை வைத்துக்கொண்டு தேர்வில் ஜெயிக்க முடியாது என்று அந்த மனுஷனுக்குத் தெரியும். ஜெயிக்கிற வரைக்கும் லோகநாயகி வேண்டியிருந்தது. அமராவதி மீன் கூடையோடு சிதம்பரத்துக்கே போய் அவர் வீட்டு வாசலில் நின்று நியாயம் கேட்டாள். எல்லாம் தலையெழுத்தும்மா என்று சொல்லிவிட்டு, வந்ததுதான் வந்தாய், வஞ்சிரம் இருக்கா என்று கேட்டாராம். த்தூ, இதெல்லாம் ஒரு பிறவி.

மலேசியாவில் கோபுரத்தை மூன்று விநாடி அசையாமல் நிறுத்தவேண்டும். ரெண்டாவது விநாடியிலேயே தீபிகாவின் கை நடுங்கியது. உச்சியிலிருந்து விழுந்த மோனிகாவுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. கடைசி இடம். மாஸ்டரும் அவர் சம்சாரமும் மேனேஜர், உதவி மேனேஜர் என்ற ஹோதாவில் ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு, ரெண்டு பெட்டி சாமானோடு திரும்பினார்கள். மாவுக்கட்டோடு வந்த மோனிகா நேராக லோகநாயகி வீட்டுக்குத்தான் போனாள்.

"உங் கைன்னு நெனச்சி கால வச்சிட்டேன்டி" என்றாள்.

லோகநாயகி அன்றைக்குத்தான் அழுதாள். தான் போகாததற்கு அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டவள் இல்லை.

கடைசி இடம் வாங்கினதற்கு யாராவது விழா எடுப்பார்களா? மணவாளன் எடுத்தார். மஞ்சக்குப்பம் மைதானத்தில் மேடை போட்டு, பின்னால் இருபதடிக்கு ப்ளெக்ஸ் கட்டினார்கள். அதில் பாதி இடத்துக்கு மணவாளன் கைகூப்பிக்கொண்டிருந்தார். ஓரத்தில் மூன்று பெண்களின் கோபுரம். கூட்டத்தில் அம்மாவோடு உட்கார்ந்திருந்த லோகநாயகி அதைப் பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள். அது சிதம்பரம் தேர்வில் எடுத்த போட்டோ. அடியில் நிற்கிற உடம்பு அவளுடையது, மேலே தூக்கின கை அவளுடையது. கழுத்துக்கு மேலே மட்டும் தீபிகாவின் முகத்தை வெட்டி ஒட்டியிருந்தார்கள். அமராவதி கெட்ட வார்த்தை ஒன்றைக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்.

தலைமை தாங்க வந்த ரைஸ்மில் முதலாளிக்கு அந்தக் கோபுரம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. இதை இப்படியே இங்கே செய்து காட்டச் சொல்லுங்களேன் என்று மைக்கிலேயே கேட்டுவிட்டார். மாவுக்கட்டோடு ஒருத்தி மேடையில் நிற்பது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. மணவாளன் அதைச் சொல்லி மறுத்திருக்கலாம். சொன்னால் விழுந்த கதை வெளியே வருமே. முகத்தில் ஈயாடாமல் நின்றவர், கூட்டத்தைத் துழாவிப் பார்த்துவிட்டு, லோகநாயகியை வாம்மா, வந்து தூக்கும்மா என்று தேனாகக் கூப்பிட்டார்.

லோகநாயகி மேடையேறிப் போனாள். மைக்கை வாங்கினாள்.

"அந்தப் படத்துல கையும் காலும் என்னுது சார். மூஞ்சி மட்டும் மாஸ்டரோட மச்சான் பொண்ணோடது. எனக்கு வயசு ஜாஸ்தியாயிடுச்சின்னு மாஸ்டர்தான் சொன்னாரு. வயசானவ, தூக்க முடியாது."

மைக்கை மணவாளன் கையில் கொடுத்துவிட்டு, மோனிகா முன்னால் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். மோனிகா கட்டுப்போட்ட கையை அவள் தோள்மேல் போட்டு ஏறிக்கொண்டாள். பின்னாலேயே மாலதியும் இறங்கினாள். மூவரும் கூட்டத்துக்கு நடுவே நடந்து மைதானத்தை விட்டு வெளியே போய் பஸ் ஏறினார்கள். மேடையில் சால்வையும் மணவாளனும் மிஞ்சினார்கள்.

இது 2012. லோகநாயகி சிதம்பரத்தில் காலேஜில் படிக்கிறாள். பிறந்த தேதி அங்கேயும் ஜூன் ஒன்றுதான். ப்ளேன் இன்னும் ஏறவில்லை. அந்த ப்ளெக்ஸை அன்றைக்கே அமராவதி அவிழ்த்துச் சுருட்டிக் கூடையில் வைத்துக் கொண்டுவந்துவிட்டாள். கோபுரத்தை வெட்டி எடுத்து, ஒட்டின முகத்தைச் சுரண்டிவிட்டு வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறாள். மிச்சத்தை மணலில் விரித்துக் கருவாடு போடுகிறாள். மணவாளன் கைகூப்பிக்கொண்டு கிடக்கிறார், அவர் முகத்தின்மேல் நெத்திலி காய்கிறது.