நெஞ்சில் வைக்காத கை

கல்கத்தாவின் பெஹாலாவில் எங்கள் குடியிருப்பு வாசலில் இருந்த பால் பூத் காலை ஆறு மணிக்குத் திறக்கும். தொண்ணூறுகளின் நடுவில், ஒரு டிசம்பர் ஞாயிறு, ஆறு பத்துக்கு, வரிசையில் எனக்கு முன்னால் நின்ற நண்பர் விழுந்தார். எங்கள் மேல்மாடிக்காரர், துறைமுகத்தில் வேலை, நாற்பத்தாறு வயது. குனிந்து பார்த்தேன். மூச்சு இல்லை. கழுத்தில் துடிப்பும் இல்லை.

"கேஸ், கேஸ்!" என்று கத்திக்கொண்டே வந்தார் தெருக் கிளப்பின் செயலாளர். இந்த ஊரில் நெஞ்சு வலித்தாலும் வாயுதான், தலை சுற்றினாலும் வாயுதான். "ராத்திரி லூச்சிப் பூரி ஜாஸ்தி ஆயிருக்கும். மதராசி வயிறு தாங்குமா?"

இரண்டு பேர் சிரிக்கவும் செய்தார்கள். அவரைத் தூக்கி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். தலை தொங்கியது. ஒருவர் பாதத்தைத் தேய்த்தார். ஒருவர் வாயில் ஊற்றிய தண்ணீர் சட்டையில் வழிந்தது. இன்னொருவர், வலிப்பாக இருக்கும் என்று, செருப்பைக் கழற்றி மூக்கருகே பிடித்தார்.

எனக்குத் தெரிந்திருந்தது. அதுதான் ஆறவில்லை. இரண்டு மாதம் முன்புதான் அலுவலகத்தில் மூன்று நாள் முதலுதவிப் பயிற்சி. தரையில் படுக்க வைத்து, மார்பின் நடுவில் பதினைந்து முறை அழுத்தி, இரண்டு முறை மூச்சு ஊத வேண்டும். ரப்பர் பொம்மைக்கு எண்ணிக்கை பிசகாமல் செய்து கைதட்டல் வாங்கியவன் நான்.

"கீழே படுக்க வைங்க, நெஞ்சை அழுத்தணும்" என்றேன், என் அரைகுறை வங்காளத்தில்.

"நீங்க டாக்டரா, மொஷாய்?" என்றார் செயலாளர். "எலும்பு உடைஞ்சா யார் பதில் சொல்றது? டாக்சி வருது, தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றேன். முந்தைய மாதம் அடுத்த தெருவில் ஒரு லாரி ஓட்டுநரைக் கூட்டம் அடித்ததைப் பார்த்திருந்தேன். என் கைக்குக் கீழே ஆள் போனால் எனக்கும் அதுதான் என்று பயந்தேன். டாக்சி வரும்போது ஆறு இருபத்தொன்று. பதினொரு நிமிடம். அதை மட்டும் துல்லியமாக டைரியில் எழுதினேன், வெட்கங்கெட்டவன். ஆஸ்பத்திரியில் நாடி பார்த்ததோடு சரி. உயிர் போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள்.

பதின்மூன்றாம் நாள் செயலாளர் நண்பரின் வீட்டுக்கு வந்தார். "செய்யவேண்டியதெல்லாம் செஞ்சோம், பௌதி. ஆயுசு அவ்வளவுதான்" என்று நண்பரின் மனைவியிடம், அண்ணி முறை வைத்துச் சொன்னார். அந்தப் பெண் கைகூப்பி நன்றி சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒண்ணும் செய்யலைம்மா" என்றேன் தமிழில். "வாயுவும் இல்லை, ஆயுசும் இல்லை. அவருக்கு இதயம் நின்னுபோச்சு. உடனே நெஞ்சை அழுத்தியிருந்தா பிழைச்சிருக்கலாம்."

"இது உங்களுக்கு அப்பவே தெரியுமா, அண்ணா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் பண்ணலை?"

தமிழ் புரியாத செயலாளர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன கேக்கறாங்க?" என்றார் என்னிடம்.

"அன்னிக்கு உங்களை நான் ஏன் பிடிச்சுத் தள்ளலைன்னு கேக்கறாங்க" என்றேன்.