கிரேனுக்குக் கீழே ஒரு பெட்டி

காற்றில் போகிற அலைக்கற்றையை ஆளாளுக்குப் பங்கு போட்டுக் கொடுப்பது என் தொழில். வயர்லெஸ் நெட்வொர்க்கில் மாட்டிக்கொண்ட சக பாவிகளே, இந்தப் பிழைப்பு எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்!

தேக்காவில் தீபாவளிக் கூட்டம்

சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் நெரிசலைக் கவனிக்கக் கேமராக்கள் மாட்டினோம். அவை படம் அனுப்பத் தொடங்கியதும் கடைகளில் கார்டு மெஷின்கள் உறைந்துபோயின. இரண்டுக்கும் ஒரே அலைக்கற்றை. மசாலாக் கடை நைனா பாயின் வரிசை வாசலைத் தாண்டிவிட்டது. அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. நானும் கூட வேலை பார்க்கும் ஃபரீதாவும் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே லேப்டாப்போடு உட்கார்ந்து, தும்மிக்கொண்டே விதியை மாற்றினோம்: மெஷின் பேசும்போது கேமரா காத்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் மெஷின்கள் வரிசையாக டிங் டிங் என்றன. பாய் சிரித்துவிட்டார்.

"தங்கச்சி, உங்க கேமரா இப்பதான் மரியாதை கத்துக்கிச்சு லா!"

நின்ற கிரேன்

தஞ்சோங் பகாரில் ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. தூக்கிய பாரத்துக்குக் கீழே ஆள் வந்தால் கிரேன் தானாக நிற்க வேண்டும். படத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கிற அளவுக்குக் கிரேனில் மாட்டிய கேமராவுக்கு மூளை கிடையாது. எங்கோ இருக்கும் சர்வரைக் கேட்டால் பதில் வருவதற்குள் காரியம் கெட்டுவிடும். ஆளைக் கண்டுபிடிக்கிற வேலையைத் தளத்திலேயே ஒரு சின்னக் கணினிப் பெட்டியிடம் ஒப்படைக்கலாம் என்றேன். தள மேலாளர் லிம் உதட்டைப் பிதுக்கினார். ஆனாலும் வைக்க விட்டார்.

ஒரு காலை, இரும்பு உத்தரம் இறங்கிக்கொண்டிருந்தது. புதுக்கோட்டைக்காரர் முருகேசன், காற்றில் பறந்த பிளாஸ்டிக் விரிப்பைப் பிடிக்க அதற்கு நேர் கீழே ஓடினார். யாரோ கத்தினார்கள். கத்தல் முடியுமுன் கிரேன் நின்றது. பக்கத்தில் நின்ற ஃபரீதா, பிடித்த என் கையை விடவே இல்லை. முருகேசன் நேராக எங்களிடம் வந்தார்.

"அக்கா, நிமிந்து பாத்தேன், தலைக்கு மேல அப்படியே நிக்குது. இருங்க, வீட்டுக்கு ஒரு போன் போட்டுட்டு வந்துடறேன்."

புக்கிட் பாஞ்சாங்கில் புதுப் பிரசாரகர்

லிம் அடுத்து புக்கிட் பாஞ்சாங் தளத்துக்குப் போனார். பெட்டி வரத் தாமதம், அதுவரை வேலையை ஆரம்பிக்கலாம் என்றார் அங்கிருந்த ஒப்பந்ததாரர். பெட்டி வராமல் பாரம் தூக்கக் கூடாது என்று லிம் கிரேன் முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாராம். நாங்கள் பெட்டியோடு போய்ச் சேர்ந்தபோதும் அதே கோலம், அதே முழக்கம்.

"நோ பாக்ஸ், நோ லிஃப்ட்!"

ஆகக்கூடி, இந்தத் தொழிலில் நமக்குப் பதக்கம் கிடைக்காவிட்டாலும், நம்மை நம்பாதவர்களே சம்பளம் இல்லாத விற்பனையாளர்களாகக் கிடைக்கிறார்கள்.