டிரையர் மீட்டரின் முள்

குன்னூர் பக்கம் ஒரு தேயிலை பேக்டரி ஆபீசில், இலையைக் காயவைக்கும் டிரையரின் சூட்டைக் கிராப் தாளில் வரைவது என் வேலை. மீட்டரைப் பார்த்து எழுதித் தர ஷிப்டுக்கு ஒருவர் இருந்தார். என் கோடு காலை ஷிப்டில் பத்து டிகிரி ஏறும். மதிய ஷிப்டில் இறங்கிவிடும். மானேஜர் என் கையைத்தான் சந்தேகப்பட்டார்.

கடுப்பில் நேரே போய்ப் பார்த்தேன். மீட்டரை உயரத்தில் மாட்டியிருந்தார்கள். காலை ஷிப்டுக்காரர் குள்ளம். அண்ணாந்து பார்ப்பதால் அவருக்கு முள் பத்து டிகிரி மேலே தள்ளித் தெரிந்தது. மதியக்காரர் ஆறடி. அடுத்தவருக்குக் கண் சரியில்லை என்று இருவருமே சொன்னார்கள். யாரும் பொய் எழுதவில்லை என்பதால் என்னால் யாரையும் திட்ட முடியவில்லை. குள்ளமானவர் ஏறி நிற்க ஒரு காலித் தேயிலைப் பெட்டியைப் போட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் முழுக்கக் கோடு ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் வந்தது. மானேஜர் முதல்முறையாக என்னைப் பாராட்டினார். அதைச் சொல்லப் போனபோது, குள்ளமானவர் பெட்டிமேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இப்பச் சரியாத் தெரியுதுங்களா?"

"நல்லாத் தெரியுதுங்க. முள்ளு நின்னுபோயி ஒரு வாரமாச்சு. அப்பறம் எங்க ரெண்டு பேருக்கும் சண்டையே இல்லீங்க."