முந்நூற்றுப் பன்னிரண்டு

பிள்ளைகளா, உங்கள் அம்மா அன்று சீனியை நக்கவில்லை. உங்கள் முன்னால்தான் அவளைத் திருடி என்றேன். அதனால் இதையும் உங்களுக்கே எழுதுகிறேன்.

நம் லயத்து வீடுகளில் தேத்தண்ணிக்குள் சீனி போடுவதில்லை. உள்ளங்கையில் கொஞ்சம் வைத்து நக்கிக்கொண்டே குடிப்போம். சீனி வருத்தம் வந்தபின் அம்மா வெறும் சாயத் தேத்தண்ணிதான் குடித்தாள். என்றாலும் காலையில் உங்கள் மூவர் கையிலும் சீனியை எடுத்து வைப்பவள் அவள்தான்.

அது முடிந்து, வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் போவதற்கு முன், இரத்தத்தில் சீனி பார்க்க மாமா அனுப்பிய மெசினில் அவள் விரலைக் குத்திப் பார்ப்பேன். அன்று 312 காட்டியது. அந்த வாரத்தில் அப்படி ஏறியது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் நானாகவே சீனி மருந்துக் குளிசை ஒன்று கூடக் கொடுத்தேன். இரண்டு நாளும் மலையில் தேயிலைக் கொழுந்தெடுக்கும்போது அவளுக்கு வேர்த்துக் கை நடுங்கியது. கூடையோடு உட்கார்ந்துவிட்டாள். வருத்தம் முற்றுகிறது என்று பயந்தேன்.

"திருட்டுத்தனமா நக்கினியா?"

"நான் நக்கினத நீங்க பாத்தீங்களா, மெசின் பாத்துச்சா?"

இன்னொரு குளிசையை அவள் கையில் வைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் குடித்தாள்.

எனக்கு மனசு ஆறவில்லை. அன்றைய பேரும் சம்பளமும் போனால் போகட்டும் என்று, மெசினையும் எடுத்துக்கொண்டு அவளைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு இறக்கிக் கூட்டிப்போனேன். விழுந்துவிடுவாளோ என்று வழியெல்லாம் நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

அங்கிருந்த நர்ஸ் மிஸ், காலையில் கையால் எதைத் தொட்டாள் என்று கேட்டார். பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவி, துடைத்து, காயவைத்துவிட்டுக் குத்தினார். நம் மெசின் 146 என்றது, அவர் மெசின் 139.

"ரெண்டும் அச்சா ஒண்ணா இருக்காதுங்க. ஆனா முந்நூறு இல்ல. விரல்ல ஒட்டின சீனியத்தான் அது சொல்லியிருக்கு."

அம்மாவுக்கு நடுங்கியது நான் கூட்டிக் கொடுத்த குளிசையால் இருக்கலாம் என்றும் சொன்னார். இன்றும் ஒன்று கூடப் போட்டிருக்கிறாள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, காலையில் விழுங்காமல் முடிந்துவைத்த அந்தக் குளிசையை மேசையில் வைத்தாள்.

"இவரு அவசரம் எனக்குத் தெரியுங்க மிஸ்."

இப்போது கை கழுவித்தான் குத்துகிறோம். கூடக் குறையக் காட்டினால் மிஸ்ஸிடம் கேட்காமல் குளிசையைத் தொடுவதில்லை. ஆனாலும் மலையிலிருந்து அவள் திரும்பும்வரை எனக்கு இருப்புக் கொள்வதில்லை. முந்திய இரண்டையும் அவள் என்னை நம்பித்தானே விழுங்கினாள்.