புரியாமல் கேட்ட பாவசங்கீர்த்தனம்

ஓசூருக்கு மாற்றலாகி வந்தபோது மொழி எனக்கு ஒரு சிக்கலாகும் என்று நான் நினைக்கவே இல்லை. அதற்கு முன்பு ஆறு ஆண்டுகள் அஞ்செட்டிப் பக்கத்து மலைக் கிராமங்களில் பங்குச் சாமியாராக இருந்தேன். அங்கே பாதி வீடுகளில் கன்னடம்தான். கன்னடத்தில் பிரசங்கம் வைக்கவும், அண்ணன் தம்பி சண்டையை விலக்கவும், காட்டுக்குள் போன மாடு திரும்பவில்லை என்றால் விசாரிக்கவும் பழகியிருந்தேன். தெலுங்கு பேச வராது, கேட்டால் புரியும். எல்லையோர ஊருக்கு இது போதும் என்ற தெம்போடுதான் வந்தேன்.

கோயில் மூக்கண்டப்பள்ளியை ஒட்டி இருந்தது. சுற்றிலும் கம்பெனிகள், கம்பெனிகளுக்கு நடுவே வரிசை வீடுகள். மலையில் பூசை நேரத்தை மழையும் பஸ்ஸும் முடிவு செய்தன. இங்கே அதை ஷிப்ட் முடிவு செய்தது. ஞாயிறு ஐந்தரை மணிப் பூசைக்கு வருகிறவர்கள் யூனிபார்மிலேயே வந்து, நற்கருணை வாங்கிக்கொண்டு, கடைசிப் பாட்டுக்குக் காத்திராமல் கம்பெனி வண்டி ஏறப் போய்விடுவார்கள். இரவு வேலை முடித்து வருகிறவர்கள் எட்டரை மணிப் பூசையில் உட்கார்ந்தபடியே தூங்குவார்கள். அவர்களை எழுப்ப வேண்டாம் என்று, கோயில் காரியங்களில் எனக்குத் துணையாக இருக்கும் உபதேசியாரிடம் சொல்லி வைத்திருந்தேன்.

கடைசி வரிசைகளில் வடக்கிலிருந்து வந்த இளைஞர்கள் பத்துப் பதினைந்து பேர் நிற்பார்கள். ஜார்க்கண்ட், ஒடிசா பக்கத்துக் கத்தோலிக்கர்கள். தமிழ்ப் பூசையில் அவர்களுக்கு ஒரு வார்த்தை புரியாது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் எங்கே முழங்காலிட வேண்டும், எங்கே எழுந்திருக்க வேண்டும் என்பதில் நம் ஆட்களைவிடச் சரியாக இருப்பார்கள். பூசை முடிந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்துக் கைகூப்பிவிட்டுப் போவார்கள். நானும் சிரிப்பேன். இரண்டு வருடங்களாக எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சாயங்காலச் சிலுவைப் பாதைக்கு முன்பு பாவங்களை அறிக்கையிட வருகிறவர்களுக்காகப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார்ந்திருந்தேன். மூன்று மணி இருக்கும். முதல் ஷிப்ட் விட்டு நேரே வந்த ஒருவர் தட்டிக்குப் பக்கத்தில் முழங்காலிட்டார். முப்பது வயது இருக்கலாம். சட்டையில் எண்ணெய்க் கறை. கடைசி வரிசையில் நிற்கிற ஜார்க்கண்ட்காரர்களில் ஒருவர். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

ஹிந்தியும் அவர் வீட்டு மொழியும் கலந்த பேச்சு. அவர் என்ன சொன்னார் என்று இங்கே நான் எழுதப்போவதில்லை. எழுத முடியாது என்பது ஒரு பக்கம். எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. முதலில் மெதுவாகப் பேசினார். பிறகு வேகமாக. பிறகு நிறுத்தி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, திரும்பவும் பேசினார். இருபது நிமிடம் போல ஆயிற்று. அவர் அழுதபோது நான் தலையாட்டினேன். நடுநடுவே ஏதோ கேட்பதுபோல நிறுத்தினார். அப்போதும் தலையாட்டினேன்.

மனம் வருந்தி வருகிறவருக்கு, அவர் பேச்சு புரியாவிட்டாலும், பாவமன்னிப்புக் கொடுக்கலாம். அதில் தவறில்லை. ஆனால் எனக்குப் புரியவில்லை என்பதை அவருக்குக் காட்டியிருக்க வேண்டும். ஒரு கையசைப்பில் காட்டியிருக்கலாம். அழுகிற மனிதரை நடுவில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குக் கூச்சம். இத்தனை மொழி தெரியும் என்று பேர் வாங்கியவனுக்கு, தெரியாது என்று காட்டிக்கொள்ளக் கூச்சம்.

மன்னிப்பு ஜெபம் சொன்னேன். பிறகு மூன்று விரலைக் காட்டி, "பரலோக மந்திரம் மூணு தடவை சொல்லுங்க. சமாதானமா வீட்டுக்குப் போங்க" என்றேன். தமிழில்தான். அவர் என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"வீட்டுக்குப் போ?" என்று கேட்டார்.

"ஆமா, வீட்டுக்குப் போங்க" என்றேன்.

அவர் தரையில் நெற்றி படக் கும்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

அடுத்த வியாழக்கிழமை கோயில் ஆபீஸுக்கு ஒருவர் வந்தார். பாகலூர்க்காரர், இந்து. வார்ப்படக் கம்பெனி ஒன்றுக்கு ஆள் கொடுக்கிற ஒப்பந்தக்காரரிடம் சூப்பர்வைசர். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். மரியாதையான மனிதர். ஆனால் கோபத்தோடு வந்திருந்தார்.

"ஃபாதர், உங்களாண்ட ஒன்னு கேக்கணும்ங்க. எங்க லைன்ல ஃபர்னஸ்ல நிக்கற ஆளு ஒருத்தன், நல்ல வேலைக்காரன், திங்கக்கெழம ரயில் ஏறிட்டான். ஏன்டா போறன்னு கேட்டா, சர்ச் ஃபாதர் மூணு நாள்ல வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாருங்கறான். ரூம்ல இருக்கற எல்லாருகிட்டயும் அதையே சொல்லிட்டுப் போயிருக்கான். நீங்க அப்படிச் சொன்னீங்களா?"

மூன்று விரல் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"பாவசங்கீர்த்தனத்துல நடந்ததை நாங்க வெளியே சொல்லக் கூடாதுங்க" என்றேன்.

"சரிங்க. அவன் என்ன தப்பு பண்ணான்னு நான் கேக்கல. அவனுக்கு ஊர்ல எதாச்சும் பிரச்சனையா? போலீஸ் கீலீஸுன்னு வந்தா ஆளை வச்சிருந்தது நாங்கதானேங்க."

நான் கையை விரித்தேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்.

"உங்களுக்கு ஹிந்தி வருமாங்க ஃபாதர்?"

நான் மேஜை மேல் கிடந்த பேனாவுக்கு மூடி போட்டேன். அவர் எழுந்து, "வர்றேங்க" என்று கும்பிட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். புரிந்துகொண்டுதான் போனார் என்று நினைக்கிறேன்.

ஈஸ்டர் என்கிற பாஸ்கா வந்தது, போனது. குருத்தோலை, பாதம் கழுவுதல், இரவு விழிப்பு எல்லாம் வழக்கம்போல நடந்தன. எனக்கு மட்டும் எதிலும் மனம் ஒட்டவில்லை. அவர் எதை விட்டு ஓடி வந்திருந்தாரோ, அந்த இடத்துக்கே அவரைத் திருப்பி அனுப்பிவிட்டேனோ? யாராவது அவரை அடிக்கக் காத்திருந்தார்களா? ஜெயிலா? அவரோடு அறையில் தங்கியிருந்த நண்பரிடம் அவர் போன் நம்பரை வாங்கி உபதேசியாரை விட்டுக் கூப்பிடச் சொன்னேன். அணைத்து வைத்திருப்பதாகவே ஒவ்வொரு முறையும் வந்தது.

கிருஷ்ணகிரியில் என்னோடு குருமடத்தில் படித்த சாமியார் ஒருவர் இருக்கிறார். நான் பாவசங்கீர்த்தனம் செய்வது அவரிடம்தான். யார், எவர் என்று எதுவும் சொல்லாமல், "புரியாத ஒண்ணைப் புரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டேன்" என்று மட்டும் சொன்னேன். அவர் விளக்கம் கேட்கவில்லை. "அப்போ கத்துக்கோ" என்றார். அதுவே எனக்குப் பரிகாரம்.

எங்கள் அன்பியத்தில் ஒரு பெண்மணி இருந்தார். அன்பியம் என்பது தெருவாரியாக வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கிற குழு. அவர் துணிக் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். அவருக்குக் கீழே முப்பது வடநாட்டுப் பெண்கள் தைத்தார்கள். ஹிந்தி சொல்லித் தர முடியுமா என்று கேட்டேன்.

"எனக்கு எழுதல்லாம் வராதுங்க ஃபாதர். லைன்ல பேசற ஹிந்திதான் வரும்."

"அது போதும்மா."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஒரு மணி நேரம். மரத்தடியில் நாற்காலி போட்டு, நான் நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வேன். அவர் சொல்லித் தந்ததெல்லாம் கட்டளைகள். சீக்கிரம் முடி. பேசாதே. இது கோணல், பிரித்துத் திரும்பத் தை. ஏன் நேற்று வரவில்லை? மூன்று மாதத்தில் நான் ஓரளவு பேசினேன். பேசிய ஹிந்தி முழுக்க சூப்பர்வைசர் ஹிந்தி. பின்வரிசைப் பையன்களிடம் "ஏன் போன வாரம் வரவில்லை" என்று நலம் விசாரித்தால், அவர்கள் நிமிர்ந்து நின்று காரணம் சொன்னார்கள். அந்த அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அன்பா பேசற ஹிந்தி எனக்கே இப்பதாங்க தேவைன்னு தோணுது" என்று சிரித்தார். பிறகு அவரே தன் லைனில் தைக்கிற ஒரு பெண்ணை அழைத்து வந்தார். அந்தப் பெண்ணிடமிருந்து நாங்கள் இரண்டு பேருமே, எப்படி இருக்கிறாய், சாப்பிட்டாயா, வீட்டு நினைப்பு வருகிறதா என்று கேட்கக் கற்றுக்கொண்டோம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்துக்கு இரண்டு வாரம் முன்பு, எட்டரை மணிப் பூசையில் நற்கருணை கொடுக்கும்போது அந்த ஜார்க்கண்ட்காரரைப் பார்த்தேன். இளைத்திருந்தார். பின்னால் முக்காடு போட்ட ஒரு பெண், அவள் கையைப் பிடித்தபடி நான்கு வயதுப் பெண் குழந்தை. "கிறிஸ்துவின் உடல்" என்று சொல்லி அவர் நாவில் வைத்தேன்.

பூசை முடிந்து மூவரும் ஆபீஸுக்கு வந்தார்கள். மனைவி ஹிந்தியில் பேசினாள். எனக்குப் புரிந்தது. ஐந்து வருடமாக அவர் ஊர்ப் பக்கமே வரவில்லையாம். குழந்தையின் முகத்தையே பார்த்ததில்லையாம். தவக்காலத்தில் ஒருநாள் திடீரென்று வாசலில் வந்து நின்று, சாமியார் அனுப்பினார் என்றாராம். "நீங்கள் அனுப்பிய ஆள் ஒழுங்காக இருக்கிறாரா என்று பார்க்க நானும் கூடவே வந்துவிட்டேன்" என்றாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவளும் குழந்தையும் வெளியே மாதா கெபியைப் பார்க்கப் போன பிறகு, இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது என்று, எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன்: "அன்றைக்கு நீங்கள் பேசியது எனக்குப் புரியவில்லை. புரிந்த மாதிரி தலையாட்டினேன். தப்பு. மன்னித்துக்கொள்ளுங்கள்."

அவர் ஆச்சரியப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டாலும் தகும் என்று நினைத்தேன். அவர் கம்பெனியில் பழகிய தமிழில் பதில் சொன்னார்.

"எனக்குத் தெரியும் ஃபாதர். ஃபாதருக்கு ஹிந்தி வராது. அதுக்குத்தான் வந்தேன்."

"எதுக்கு?"

"பெங்களூர்ல ஹிந்திப் பூசை இருக்கு. அங்க ஃபாதர் எங்க ஊரு. ரெண்டு தடவை போய், வெளியவே நின்னு திரும்பிட்டேன். புரியற ஆளுகிட்ட வாய் வரல." குழந்தை போன பக்கம் பார்த்துக்கொண்டு, "வீட்டுக்குப் போன்னு நீங்க சொன்னது எனக்குப் புரிஞ்சுது" என்றார்.

அந்த வார்த்தையை எந்த அர்த்தத்தில் சொன்னேன் என்று விளக்க வாயெடுத்தேன். பிறகு விட்டுவிட்டேன். இப்போது யோசித்தால் அதையும் சொல்லியிருக்கலாம் என்று சில நாள் தோன்றும். சில நாள், சொல்லாததே சரி என்று தோன்றும். அந்த ஐந்து வருடம் அவர் ஏன் ஊருக்குப் போகவில்லை என்பது எனக்கு இன்றும் தெரியாது. அவராகச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

ஃபர்னஸ் வேலைக்கு அவர் திரும்பவில்லை. பாகலூர் தாண்டி ரோஜாப் பண்ணை ஒன்றில் கணவன் மனைவி இருவருக்கும் வேலை கிடைத்தது. வேலைக்குச் சொல்லிவிட்டது அன்று கோபமாக வந்த அதே சூப்பர்வைசர்தான். அவர் மைத்துனர் அந்தப் பண்ணையில் இருக்கிறார். இதற்காக நன்றி சொல்லப் போன் செய்தபோது, "குடும்பஸ்தன் ஓடிப் போக மாட்டான்ங்க ஃபாதர், அதான்" என்றார்.

பண்ணைக்குப் பக்கத்திலேயே ஒற்றை அறை வீடு. தை மாதத்தில் வீடு மந்திரிக்க என்னைக் கூப்பிட்டார்கள். வீட்டை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரம்மா தெலுங்குக்காரர். பக்கத்து வீடு கன்னடம், எதிர் வீட்டில் தமிழ் பேசுகிற முஸ்லிம் குடும்பம். எல்லாரும் வாசலில் வந்து நின்று பார்த்தார்கள். நான் ஹிந்தியில் ஜெபத்தை வாசித்தேன். என் உச்சரிப்பைக் கேட்டு அந்தக் குழந்தை சிரித்தது, அம்மா அதன் வாயைப் பொத்தினாள். தீர்த்தம் தெளித்து முடித்ததும் வீட்டுக்காரம்மா, தன் வீட்டிலும் நாலு சொட்டுத் தெளித்துவிட்டுப் போகும்படி தெலுங்கில் கேட்டார். போய்த் தெளித்துவிட்டு, அவர் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

இதை எழுதலாமா என்று அந்த ஜார்க்கண்ட்காரரிடம் முதலிலேயே கேட்டுக்கொண்டேன். பேர் மட்டும் வேண்டாம் என்றார். எழுதியதைப் படித்துக் காட்டட்டுமா என்று கேட்டதற்கு, பண்ணையில் காதலர் தினத்துக்குப் பூ அறுக்கிற சமயம், உட்கார நேரமில்லை என்றார்.